போர்நிறுத்தம் என்றால் போர் முடிந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்திகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. உலகத்தில் எங்காவது குண்டு விழுந்தால் அதைத் தமிழில் எழுத வேண்டும். விழுவது நின்றால் அதையும் எழுத வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். குண்டு விழுந்ததை எழுத யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. நின்றதை எழுத உட்காரும்போதுதான் போர்நிறுத்தமா, சமாதானமா, உடன்பாடா என்று கை தயங்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்டவை, காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் போடும் சித்தப்பா கேட்டவை என்று கொஞ்சம் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர்நிறுத்தம் என்றால் சரியாக என்ன?

சண்டை போடும் தரப்புகள் சுடுவதை நிறுத்த ஒத்துக்கொள்வது. அவ்வளவுதான். யார் ஜெயித்தது, எல்லை எங்கே, பிடித்த ஊரைத் திருப்பித் தருவார்களா, இடிந்த வீட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பவை எல்லாம் அப்படியே கிடக்கலாம். பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கும்.

சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் வண்டி நிற்கிறது, ஆட்கள் ஏறி இறங்கியதும் கிளம்பிவிடுகிறது. வேலைநிறுத்தம் செய்கிறவர் வேலையை விட்டுவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை. கோரிக்கை தீர்ந்ததும் மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்துவிடுவார். முன்னால் ‘போர்’ ஒட்டிக்கொண்டால் மட்டும் அதே ‘நிறுத்தம்’ நமக்கு முடிவு மாதிரி கேட்கிறது. மொழியின் மேல் தப்பில்லை, நம் ஆசை அப்படிக் கேட்க வைக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மழை நிற்கிறது, அதை யாரும் நிறுத்துவதில்லை. போர் தானாக நிற்பதில்லை, யாராவது நிறுத்த வேண்டும். அதனால்தான் ‘நிறுத்தம்’. ‘காசாவில் போர்நிறுத்தம் ஏற்பட்டது’ என்ற மாதிரி வாக்கியங்கள் எனக்குப் பிடிக்காது. ‘ஏற்பட்டது’ என்றால் புயல் சின்னம் ஏற்பட்ட மாதிரி இருக்கிறது. யார் அறிவித்தார், யார் ஒத்துக்கொண்டார், எத்தனை மணியிலிருந்து என்பதுதான் செய்தி. அந்த மூன்றில் ஒன்று தெரியாவிட்டால் ‘போர்நிறுத்தம் வரலாம்’ என்று மட்டும் எழுதுங்கள்.

அப்படியானால் சமாதானம்?

இதற்கு அகராதியைவிடத் தெரு நல்ல ஆசான். சின்ன வயதில் ஓடிப் பிடித்து விளையாடும்போது செருப்பு வார் அறுந்துவிட்டால் என்ன செய்வோம்? கட்டைவிரலைத் தூக்கி ‘அம்பேல்’ என்போம். அந்த விரல் நிற்கும் வரை யாரும் நம்மைத் தொட்டு அவுட் ஆக்கக் கூடாது. வாரைச் சரிசெய்து விரலை மடக்கினால் ஆட்டம் விட்ட இடத்தில் தொடரும். பிடிபடப் போகும் நேரம் பார்த்து அம்பேல் சொல்கிறவனை ‘அழுகுணி ஆட்டம்’ என்று மற்றவர்கள் மொய்த்துக்கொள்வார்கள். ‘பெயிலில் இருக்கிறேன்’ என்பதன் ஆங்கிலம் தேய்ந்து அம்பேல் ஆனது என்று ஒரு கதை உலவுகிறது. கதை ரசமாகத்தான் இருக்கிறது, சத்தியம் பண்ண மாட்டேன்.

காய் விட்ட இரண்டு பேர் பழம் விடுவது வேறு விஷயம். அதில் விரல் மடக்கும் கணக்கே கிடையாது. பழம் விட்டாயிற்று என்றால் பழைய சண்டையைப் பேசக் கூடாது, டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

போர்நிறுத்தம் அம்பேல் சாதி. சமாதான ஒப்பந்தம் பழம் சாதி. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதித் தலைப்புகள் தானாகச் சரியாகிவிடும்.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் முடிந்தது என்றுதானே படித்தோம்?

நானும் அப்படித்தான் படித்தேன். அன்று கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம். பிரான்சின் கோம்பியென் காட்டுக்குள் நின்றிருந்த ஒரு ரயில் பெட்டியில், நேச நாட்டுப் படைகளின் தளபதி ஃபோஷுக்கும் ஜெர்மன் குழுவுக்கும் இடையே, விடியற்காலை ஐந்து மணி தாண்டிக் கையெழுத்தானது. அமலுக்கு வந்தது காலை 11 மணிக்கு. இடையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். சண்டை நிற்கப் போகிறது என்று தலைமையகங்களுக்குத் தெரியும். இருந்தும் பல இடங்களில் பீரங்கி ஓயவில்லை, தாக்குதல்கூடத் தொடர்ந்தது. ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் ஒரு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி நிலையை நோக்கி ஓடி, சுடப்பட்டு இறந்தது 10:59க்கு. மணி 11 அடிக்க ஒரு நிமிடம். அந்தப் போரில் இறந்த கடைசி அமெரிக்கர் என்று அவர் பெயர் பதிவானது. ‘அமலுக்கு வந்தது’ என்ற சொல்லைக் காப்பி எடிட்டர்கள் அலங்காரம் என்று வெட்டும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். கையெழுத்தான நேரம் வேறு, அமலாகும் நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

அப்புறம், அந்த ஒப்பந்தத்துக்குக் கெடு 36 நாள் மட்டும்தான். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று முறை நீட்டித்தார்கள். சமாதான ஒப்பந்தம் வெர்சாய் அரண்மனையில் கையெழுத்தானது 1919 ஜூன் 28. அது நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. ஆக, நாம் ‘போர் முடிந்த நாள்’ என்று மனப்பாடம் செய்தது 36 நாள் அம்பேல் சொன்ன நாளை. அதற்குப் பிறகு அங்கே மறுபடி சண்டை மூளாததால் அந்தத் தேதியே முடிவாக நிலைத்துவிட்டது. எல்லா இடத்திலும் அதிர்ஷ்டம் அப்படி அமைவதில்லை.

போர்நிறுத்தம் எத்தனை காலம் நீடிக்கலாம்?

சில மணி நேரம் முதல் மூன்று தலைமுறை வரை. காயம்பட்டவர்களை எடுத்துச் செல்லவும் இறந்தவர்களைப் புதைக்கவும் ஓரிரு மணி நேரம் துப்பாக்கியைக் கீழே வைப்பதும் போர்நிறுத்தம்தான்.

நீளத்துக்கு உதாரணம் கொரியா. 1951 ஜூலையில் கேசோங் ஊரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. பேச்சு நடந்த இரண்டு வருடமும் சண்டையும் நடந்தது. 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குப் பன்முன்ஜொமில் கையெழுத்து; அன்று இரவு 10 மணிக்கு அமல். தென் கொரிய அரசு அதில் கையெழுத்தே போடவில்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் பின்வாங்க, நடுவே நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வெற்றுப் பட்டை உருவானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. அன்று தூக்கிய கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் சென்னைக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. சொந்த ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை என்ன செய்வது என்பதுதான் அந்தப் பேச்சுவார்த்தையை இழுத்தடித்த பெரிய சிக்கல். அவர்களைக் காவலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இந்தியப் படை ஏற்றது. நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தலைவர் ஜெனரல் திம்மய்யா. கடைசியில் வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 88 பேர் இந்தியப் படையோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஒரு போர்நிறுத்தத்தின் கடைசிப் பக்கம் நம் ஊர்த் துறைமுகத்தில் புரண்டிருக்கிறது. இதைச் சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை.

போர்நிறுத்தத்தை ஒரு தரப்பு மீறினால் அது செத்துப்போனதாக அர்த்தமா?

உடனே இல்லை. 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள் இதைத் தெளிவாகவே பேசுகின்றன. காலக்கெடு குறிக்காத போர்நிறுத்தமாக இருந்தால் எந்தத் தரப்பும் மறுபடி போரைத் தொடங்கலாம், ஆனால் ஒத்துக்கொண்டபடி முன்கூட்டி எச்சரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மற்றது ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் உடனேகூடச் சண்டையைத் தொடரலாம். ஆனால் தனி ஆட்கள் தம் இஷ்டத்துக்குச் சுட்டால், அவர்களைத் தண்டிக்கச் சொல்லியும் நஷ்டஈடு கேட்டும் வற்புறுத்தலாமே தவிர, அதையே சாக்காக வைத்து ஒப்பந்தத்தைக் கிழிக்க முடியாது.

ஆகவே தினமும் நான்கு ‘மீறல்’ செய்தி வந்தாலும் போர்நிறுத்தம் உயிரோடு இருக்கலாம். ‘மீறல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘முறிவு’ என்று எழுதாதீர்கள். மீறுகிறவர் ஒருவராக இருக்கலாம். முறித்துக்கொள்வது ஒரு தரப்பின் முடிவு, அதை அந்தத் தரப்பே சொல்ல வேண்டும்.

இலங்கைத் தமிழர்கள் ‘யுத்த நிறுத்தம்’ என்கிறார்களே, அது வேறா?

பொருள் ஒன்றுதான். இலங்கைப் பத்திரிகைகளில் ‘போர்’ அளவுக்கு ‘யுத்தம்’ புழங்கும். ஆனால் இந்தச் சொல்லை அவர்கள் அளவுக்கு உடம்பால் அறிந்த தமிழர்கள் வேறு யாரும் இல்லை. ஒருதலைப்பட்சப் போர்நிறுத்தம், நீட்டிப்பு, கண்காணிப்புக் குழு, மீறல் என்ற தொடர்கள் எல்லாம் நமக்குச் செய்தித் தமிழ். அவர்களுக்கு அவை பஸ் ஓடுமா, பெட்ரோல் கிடைக்குமா என்ற கேள்வி.

2000 டிசம்பர் 24 முதல் புலிகள் ஒரு மாதத்துக்கு ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்து, மாதாமாதம் நீட்டி, 2001 ஏப்ரலில் முடித்துக்கொண்டார்கள். ஒருதலைப்பட்சம் என்பதால் அரசு அதில் கட்டுப்படவில்லை. பிறகு நார்வேயின் அனுசரணையில் 2002 பிப்ரவரி 22இல் இரு தரப்புப் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திடவில்லை, தனித்தனியாகப் போட்டார்கள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் அடங்கிய கண்காணிப்புக் குழு வந்தது. ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு ஏ9 சாலை திறந்தது.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் அந்தக் காலத்தை இன்றும் ‘சமாதான காலம்’ என்றுதான் சொல்வார்கள். ‘அண்ணா, அது சமாதான காலத்திலை வாங்கின சைக்கிள்’ என்பார்கள். என் கறார்க் கணக்குப்படி அது சமாதானமே இல்லை, வெறும் போர்நிறுத்தம். ஆனால் ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, பல வருடம் பார்க்காத அக்காவைப் பார்க்கப் போனவரிடம் போய் அந்தச் சொல் தப்பு என்று நான் திருத்தப் போவதில்லை. செய்தியில் திருத்துவேன், பேச்சில் இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: விலகிக்கொள்ள நினைக்கும் தரப்பு 14 நாள் முன்னதாக நார்வேக்கு அறிவிக்க வேண்டும். களத்தில் 2006லேயே சண்டை மூண்டுவிட்டது. அந்த ஆகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டது. காகிதம் மட்டும் உயிரோடு இருந்தது. 2008 ஜனவரி 2இல் அரசு விலகுவதாகச் சொல்லி, 14 நாள் கழித்து 16ஆம் தேதி ஒப்பந்தம் முறைப்படி முடிந்தது. நிறுத்தம் போய் ஒன்றரை வருடம் ஆன பிறகு நிறுத்த ஒப்பந்தம் போனது. சொல்லுக்கும் நிலவரத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி விழ முடியும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்டது போர்நிறுத்தமா?

சித்தப்பா மறுநாள் காலை ஆறரைக்கே போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது. ‘ஏன்டா, டிரம்ப் சீஸ்ஃபயர்னு சொல்றாரு, நம்மாளு வேற என்னமோ சொல்றாரு, எது சரி?’

மே 10ஆம் தேதி சாயங்காலம். அமெரிக்க அதிபர் ‘முழுமையான, உடனடிப் போர்நிறுத்தம்’ என்று பதிவு போட்டுவிட்டார். சிறிது நேரத்தில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி வந்து பேசினார். பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் பிற்பகல் 3:35க்கு இந்தியத் தரப்பை அழைத்தார். நிலம், வான், கடல் மூன்றிலும் மாலை 5 மணி முதல் எல்லாத் தாக்குதலையும் நிறுத்துவதென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. இந்தியா அதைப் ‘புரிந்துணர்வு’ என்றது. ஒப்பந்தம் என்று சொல்லவில்லை. நடவடிக்கை ஓய்ந்திருக்கிறது, முடியவில்லை என்றும் பிறகு அழுத்திச் சொன்னது.

எங்கள் மேசையில் புதிதாக வந்த தம்பி ஒருவர் அதற்குள் ‘இந்தியா–பாகிஸ்தான் போர் முடிந்தது’ என்று தலைப்பு அடித்துவிட்டார். பாவம், சந்தோஷத்தில் அடித்தது. போர் என்று யாரும் அறிவிக்கவில்லை, முடிந்தது என்றும் யாரும் சொல்லவில்லை என்று இரண்டையும் நீக்கிவிட்டு ‘மாலை 5 மணி முதல் தாக்குதலை நிறுத்த ஒப்புதல்’ என்று மாற்றினோம். அவருக்கு முகம் வாடிவிட்டது. அன்று இரவே மீறல்கள் நடந்ததாகச் சொல்ல மிஸ்ரி மறுபடி கேமரா முன் வந்தார். தம்பி என்னைப் பார்த்தார், நான் டீ சொல்லி அனுப்பினேன்.

இந்த இரண்டு நாட்டு விவகாரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை அதிகம். 1949 ஜனவரி 1இல் முதல் போர்நிறுத்தம். அந்த வருடம் ஜூலை 27 கராச்சி ஒப்பந்தத்தில் காஷ்மீரில் வரைந்த கோட்டுக்குப் பெயர் ‘போர்நிறுத்தக் கோடு’. (கொரியாவும் ஜூலை 27தான், தற்செயல்.) 1971 போருக்குப் பின் 1972 சிம்லா ஒப்பந்தத்தைத் தொட்டு வரைந்த கோடு ‘கட்டுப்பாட்டுக் கோடு’ ஆனது. பழைய கோடு ஐ.நா. மேற்பார்வையில் வந்தது என்பதால் அதன் பெயர் ஐ.நா.வை உள்ளே இழுக்கும், புதிய பெயர் இரு நாட்டுக்குள் முடிந்துவிடும். அதனால் பழைய பெயரை இந்தியா இன்று ஏற்பதில்லை; 1972க்குப் பிந்தைய செய்தியில் ‘போர்நிறுத்தக் கோடு’ என்று எழுதினால் அது சின்னப் பிழை இல்லை.

எழுதாமல் விட்டதற்கும் விலை உண்டு. கராச்சி ஒப்பந்தம் கோட்டின் கடைசிப் பகுதியை ‘அங்கிருந்து வடக்கே பனிப்பாறைகள் வரை’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டது. அங்கே யார் போகப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். 1984 ஏப்ரலில் இரண்டு ராணுவமும் போயின. சியாச்சின் பனிப்பாறைச் சண்டையின் கதை அந்த அரை வரியில் தொடங்குகிறது.

பக்கத்து மொழிகளில் என்ன சொல்கிறார்கள்?

மலையாளத்தில் ‘வெடிநிர்த்தல்’. வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. நேரடியான, நேர்மையான சொல். தெலுங்கில் ‘கால்புல விரமண’, அதுவும் சூட்டை நிறுத்துவதுதான். கன்னடத்தில் ‘கதன விராம’, இந்தியில் ‘யுத்த விராம்’, சிங்களத்தில் ‘சட்டன் விராமய’. இந்த விராமம் நிறுத்தற்குறிக்கும் உரியது: இந்தியில் காற்புள்ளி ‘அல்ப விராம்’, முற்றுப்புள்ளி ‘பூர்ண விராம்’. வெறும் விராம் என்றால் எந்தப் புள்ளி என்று தெரியாது. போர்நிறுத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் அமைய முடியுமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆங்கிலத்தில் ட்ரூஸ், சீஸ்ஃபயர், ஆர்மிஸ்டிஸ் என்று மூன்று. தமிழில் மூன்றையும் போர்நிறுத்தம் என்றே தள்ளிவிடுகிறோம். நான் செய்வது இது: பண்டிகைக்காகவோ உதவிப் பொருள் போவதற்காகவோ சும்மா ஓய்ந்தால் ‘சண்டை ஓய்வு’, சுடுவதை நிறுத்தினால் ‘போர்நிறுத்தம்’, கோடு, கைதிகள், கண்காணிப்பு எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டால் ‘போர்நிறுத்த ஒப்பந்தம்’. சட்டம் இல்லை, என் வசதி.

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லையா?

உண்டு: சந்து. சந்து செய்தல், சந்து பேசுதல் என்றால் பகைவர் இருவரைச் சேர்த்துவைப்பது. இன்று சந்து என்றால் ஆட்டோ நுழையாத தெரு. வடமொழிச் ‘சந்தி’யோடு உறவுள்ள சொல். சந்தி, சமாதானம், சமாதி மூன்றும் அந்த மொழியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கடைசியதைத் தலைப்பில் தட்டச்சுப் பிழையாகப் பார்த்திருக்கிறேன், நல்லவேளை அச்சுக்குப் போகவில்லை.

சங்க இலக்கியத்தில் ஆநிரை கவர்வது முதல் வெற்றி விழா வரை போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ இருக்கிறது: வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை. நிறுத்துவதற்கென்று தனிப் பூ இல்லை. ஆனால் வஞ்சித் திணைக்குள்ளேயே ‘துணைவஞ்சி’ என்று ஒரு துறை ஒதுங்கி நிற்கிறது. போருக்கு எழுந்தவனிடம் நாலு வார்த்தை சொல்லிச் சந்து செய்விப்பது அதன் வேலை.

அதில் கெட்டிக்காரர் புலவர் கோவூர்கிழார். உறையூருக்குள் நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டிருக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். புலவர் தர்மம், கருணை என்று எதுவும் பேசவில்லை. உன் எதிரி பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அடுத்து, ‘இருவீர் வேறல் இயற்கையும் அன்றே’: இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை. கடைசியில், நீங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து மற்ற அரசர்கள் பூரித்துப்போவார்கள் என்று ஒரு குத்து. இன்றைக்கு மத்தியஸ்தம் பேசப் போகிறவர்களும் இதே வரிசையில்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

வெள்ளைக் கொடி காட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

பேச்சுவழக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. போர் விதிப்படி அது ‘பேச வருகிறேன், சுடாதே’ என்ற சைகை. அந்தக் கொடியோடு வரும் தூதரைத் தொடக் கூடாது. பேச்சு சரணடைவதில் முடியலாம், பிணங்களை எடுத்துப்போக ஒரு மணி நேரம் கேட்பதிலும் முடியலாம்.

ராஜி, சமரசம் என்பவையும் இதே கூட்டமா?

கூட்டம் ஒன்றுதான், இடம் வேறு. நாட்டுக்கு நாடு போர்நிறுத்தம். வழக்கு போட்ட இருவருக்குச் சமரசம். நீதிமன்றத்துக்குள்ளேயே சமரச மையம் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ‘ரெண்டு பேரும் ராசி ஆயிட்டாங்க’.

ராஜிக்கு ஒரு வேடிக்கை உண்டு. உருதுவில் ‘ராஜிநாமா’ என்றால் வழக்கில் இரு தரப்பும் சம்மதித்து எழுதிக்கொடுக்கும் பத்திரம், கிட்டத்தட்டச் சமாதானப் பத்திரம். நம் பக்கம், குடியானவரிடமே அரசு நேராக வரி வாங்கிய ரயத்துவாரி நிர்வாகத்தில், நிலத்தைச் சம்மதத்தோடு விட்டுக்கொடுக்கிறேன் என்று குடியானவர் எழுதித் தருவதும் ராஜிநாமா. நிலத்தை விட்டது வேலையை விட்டதாக மாறி, இப்போது அமைச்சர் ராஜினாமா செய்கிறார். சம்மதம் இருக்கிறதோ இல்லையோ.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? வல்லினம் மிகுமா?

ஒரே பொருளைக் குறிப்பதால் ‘போர்நிறுத்தம்’ என்று சேர்ப்பேன், வேலைநிறுத்தம் மாதிரி. பிரித்தாலும் குற்றமில்லை; ஒரே கட்டுரையில் இரண்டு விதமாக வராமல் இருந்தால் போதும். ‘போர்’, ‘நிறுத்தம்’ இடையே எதுவும் மிகாது. அடுத்து வரும் சொல்லில்தான் கவனம்: போர்நிறுத்தக் கண்காணிப்பு, போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை, போர்நிறுத்தத் தீர்மானம் என்பவற்றில் மிகும். போர்நிறுத்த ஒப்பந்தம், போர்நிறுத்த மீறல் என்பவற்றில் மிகாது.

வினை என்று வந்தால்: அறிவிக்கலாம், கடைப்பிடிக்கலாம், நீட்டிக்கலாம், மீறலாம், விலகிக்கொள்ளலாம். ‘போர்நிறுத்தம் வெடித்தது’ என்று ஒருமுறை வந்திருந்தது. முந்தைய நாள் செய்தியை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியதன் பலன்.

வீட்டுச் சண்டைக்கு இந்தச் சொல் பொருந்துமா?

வீட்டில் நமக்கு வேறு தமிழ் இருக்கிறது. செய்தியில் பேச்சுவார்த்தை என்றால் சண்டையை நிறுத்தும் வழி. வீட்டில் ‘எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை’ என்றால் அதுதான் சண்டை. ‘கல்யாணம் முடியிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது’ என்பது காலக்கெடு குறித்த போர்நிறுத்தம். பாட்டிகள்தான் பெரும்பாலும் கண்காணிப்புக் குழு.

என் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஊரில் ஒரு பொதுக்கிணறு. முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதில் பதினோரு வருடத் தகராறு. அத்தை மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்துச் சித்தப்பா இலையில் வைத்ததை நானே பார்த்தேன். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘எல்லாம் சரியாப் போச்சுடா’ என்றாள் என்னிடம். நான் பொழுதன்றும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறவன், ஒன்றும் சொல்லவில்லை. கட்டுச்சோற்றுக் கூடையோடு எல்லோரும் ஒரே வேனில் ஏறினோம். வேன் செங்கல்பட்டு டோல்கேட்டில் நிற்பதற்குள், போன சித்திரையில் மோட்டார் சுவிட்சை நிறுத்தியது யார் என்ற கேள்வி பின் சீட்டிலிருந்து வந்தது.